டெண்டர் எப்போது கட்டாயம், எப்போது விலக்கு? உள்ளாட்சிக் கொள்முதல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த நாட்டு உள்ளாட்சியாக இருந்தாலும் குழாய், தெருவிளக்கு, குப்பை வண்டி, கணினி எல்லாம் வாங்கியாக வேண்டும். பணம் வரி கட்டுகிறவர்களுடையது. வாங்க முடிவெடுப்பவர் வேறொருவர். இந்த இடைவெளிக்காகத்தான் போட்டி டெண்டர் விதிகள் வந்தன. பல ஆண்டுகளாகக் கொள்முதல் கோப்புகளோடு பழகியவன் என்ற முறையில், மன்ற உறுப்பினர்களும் எழுத்தர்களும் ஒப்பந்ததாரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். தொகையும் நாள் கணக்கும் சட்டத்துக்குச் சட்டம் மாறும். உங்களுக்குப் பொருந்தும் சட்டத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். விதியைவிட விலக்குகளைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

எதை வாங்கினாலும் டெண்டர் விட வேண்டுமா?

வேண்டாம். கிட்டத்தட்ட எல்லா இடங்களிலும் மூன்று படிகள் உண்டு. சிறு தொகைக்கு நேரடியாக வாங்கலாம். அதற்கு மேல் ஓர் அளவு வரை சிலரிடம் விலைப்புள்ளி, அதாவது கொட்டேஷன், கேட்டு வாங்க வேண்டும். அதையும் தாண்டினால் விளம்பரம் கொடுத்து, தகுதியுள்ள யாரும் கலந்துகொள்ளக்கூடிய திறந்த டெண்டர். ஒரு பெட்டி காகிதத்துக்கு டெண்டர் விட்டால் விளம்பரச் செலவே காகிதத்தின் விலையைத் தாண்டிவிடும். அதனால்தான் இந்தப் படிகள்.

வரம்புத் தொகை இடத்துக்கு இடம் வெகுவாக வேறுபடும். நியூயார்க் மாநிலத்தில் பொது நகராட்சிச் சட்டத்தின் 103ஆம் பிரிவுப்படி, பொருள் கொள்முதல் 20,000 டாலரையும் பொதுப்பணி 35,000 டாலரையும் தாண்டினால் போட்டி டெண்டர் கட்டாயம். கலிபோர்னியாவில் நகரங்களின் கட்டுமானப் பணிக்குப் பொதுவாக வைத்த வரம்பு வெறும் 5,000 டாலர். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு கொள்முதல் ஆணையோ பெரிய ஒப்பந்தங்களை மட்டும் தன் கையில் எடுத்துக்கொண்டு, சிறியவற்றை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு விட்டுவிடுகிறது. இந்தியாவில் தமிழ்நாடு 1998இல் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் கொண்டுவந்தது, அடுத்த ஆண்டே கர்நாடகம் அதே வழியில் ஒன்று இயற்றியது. இரண்டுமே உள்ளாட்சிகளையும் கட்டுப்படுத்தும்.

வரம்பை எப்படிக் கணக்கிடுவது? பில் தொகையை வைத்தா?

பில்லை வைத்துக் கணக்கிடத் தொடங்கினால் தப்பு அங்கேயே தொடங்கிவிடும். தேவையை வைத்துக் கணக்கிட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். வரம்பு 1,00,000 என்று வைத்துக்கொள்வோம். கோப்பில் மூன்று கொள்முதல் ஆணைகள், அதாவது விற்பனையாளருக்குக் கொடுத்த ஆர்டர்கள், இருக்கின்றன: 3ஆம் தேதி 98,000க்கு, 10ஆம் தேதி 97,500க்கு, 17ஆம் தேதி 99,000க்கு. மூன்றும் ஒரே விற்பனையாளருக்கு, மூன்றும் அதே தெருவிளக்குக்கு. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் வரம்புக்குள்தான். கூட்டினால் 2,94,500. தெருவில் எத்தனை விளக்கு எரியவில்லை என்பது 3ஆம் தேதியே தெரிந்த கணக்கு. அதை மூன்றாக வெட்டியது விளக்குக்காக நடக்கவில்லை, வரம்புக்காக நடந்தது. இதைத்தான் தணிக்கையில் 'பிரித்து வாங்கியது' என்று எழுதுவார்கள். உள்ளாட்சிக் கோப்புகளில் மிக அதிகமாக வரும் தணிக்கைத் தடைகளில் இதுவும் ஒன்று.

நியூயார்க் சட்டம், ஒப்பந்தத்தைச் செயற்கையாகப் பிரிக்கக்கூடாது என்பதோடு, 12 மாதத்தில் அதே வகைப் பொருளுக்கு எவ்வளவு செலவாகும் என்று சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. ஐரோப்பிய ஆணையும் வரம்பைத் தவிர்ப்பதற்காகப் பிரிப்பதைத் தடுக்கிறது. நீட்டிப்புக்கு வாய்ப்புள்ள ஒப்பந்தம் என்றால் அந்த நீட்டிப்புகளின் தொகையும் மதிப்பில் சேரும்.

அதற்காகப் பிரிப்பதெல்லாம் தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பெரிய வேலையை நாலு பகுதியாக்கி நாலுக்கும் திறந்த டெண்டர் விட்டால் சிறு ஒப்பந்ததாரர்களும் உள்ளே வர முடியும். போட்டியை வளர்க்கிற பிரிப்பு அது. போட்டியிலிருந்து தப்பிக்கிற பிரிப்புதான் குற்றம்.

மூன்று கொட்டேஷன் வாங்கிவிட்டால் போதுமா?

மூன்றும் உண்மையான கொட்டேஷனாக இருந்தால் போதும். நான் பார்த்த ஒரு கோப்பில் குழாய் வாங்க மூன்று கடைகளின் விலைப்புள்ளிகள் இருந்தன. மூன்று தலைப்பு, மூன்று முத்திரை, மூன்று கையெழுத்து. ஆனால் மூன்றிலும் 'குழாய்' என்பது 'குழய்' என்றே அச்சாகியிருந்தது, அதுவும் அதே இரண்டாவது வரியில். தேதிகூட ஒன்றே. வெற்றி பெற்ற கடைக்காரரே மற்ற இருவரின் தாளையும் தயார் செய்து கொடுத்திருக்கிறார். அதை வாங்கிக் கோப்பில் கட்டியவர் படித்துப் பார்க்கவில்லை, அல்லது படித்தும் பேசாமல் இருந்துவிட்டார்.

எளிய தடுப்பு வழி உண்டு. விலை கேட்டு எழுதும் கடிதத்தை அலுவலகம் நேரடியாக அனுப்ப வேண்டும். பதிலும் நேரடியாக அலுவலகத்துக்கே வர வேண்டும். ஒருவர் மூலமாக மூன்றும் வந்து சேர்ந்தால் அது ஒரு கொட்டேஷன்தான். அப்புறம், ஒவ்வொரு முறையும் அதே மூவரிடம் கேட்காமல் ஆளை மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

டெண்டருக்கு எத்தனை நாள் அவகாசம் தர வேண்டும்?

தமிழ்நாட்டு விதிகள் 2000ஆம் ஆண்டு வந்தவை. அவற்றின்படி 2 கோடி ரூபாய் வரையுள்ள டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேற்பட்டதற்குக் குறைந்தது 30 நாள். குறைக்க வேண்டுமானால் மேலதிகாரி காரணத்தை எழுதி ஒப்புதல் தர வேண்டும். 'குறுகிய கால டெண்டர்' என்று தலைப்பிட்ட விளம்பரங்களைப் பார்க்கும்போது அந்தக் காரணம் எழுதிய தாளைத்தான் நான் முதலில் தேடுவேன். மதிப்பீடு தயாரிக்க நேரம் இல்லாத வெளியாளுக்குக் கதவு மூடிவிடுகிறது. முன்பே விவரம் தெரிந்த உள்ளாளுக்கு ஒரு நாள்கூடப் போதும்.

ஒரு நிமிடம் தாமதமாக வந்த டெண்டரை ஏற்கலாமா?

ஏற்கக்கூடாது. கடுமையாகத் தெரியும், ஆனாலும் இதில் இரக்கத்துக்கு இடம் கொடுக்க முடியாது.

டெண்டர் திறக்கும் அறையை நினைத்துப் பாருங்கள். மணி மூன்று. பெட்டி பூட்டியாகிவிட்டது. குழு உறுப்பினர் ஒருவர் முத்திரை உடையாமல் இருப்பதை வந்தவர்களுக்குக் காட்டுகிறார். முதல் உறையைப் பிரித்து, பெயரையும் தொகையையும் எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்கிறார். மூலையில் ஒருவர் அதைச் சின்ன நோட்டில் குறித்துக்கொள்கிறார். அந்த நேரத்தில் மூச்சுவாங்க ஒருவர் ஓடி வந்து உறையை நீட்டினால்? முதல் தொகை காதில் விழுந்த பிறகு உள்ளே வரும் உறைக்கு எந்த மதிப்பும் இல்லை. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். அடுத்த முறை வருகிறவர் அப்படி இருப்பார் என்று யார் உறுதி சொல்வது? மின்னணு டெண்டரில் இந்தக் கேள்வியே எழாது, நேரம் முடிந்ததும் கணினி மூடிவிடும். ஆனால் கணினி அமைப்பே பழுதாகி நின்றுபோனால் அது அலுவலகத்தின் பொறுப்பு. எல்லோருக்கும் சேர்த்து அவகாசத்தை நீட்ட வேண்டும்.

சிறு குறை வேறு, அடிப்படைக் குறை வேறு. ஒரு பக்கத்தில் சுருக்கொப்பம் விட்டுப்போனதைச் சரிசெய்யச் சொல்லலாம். விலையே எழுதாதது, டெண்டரோடு கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகையைக் கட்டாதது, நிபந்தனையை மாற்றி எழுதிக் கொடுத்தது எல்லாம் அப்படி விட முடியாதவை.

குறைந்த விலை சொன்னவருக்கே கொடுத்தாக வேண்டுமா?

குறைந்த விலை சொன்னவர் வேலையைச் செய்யக்கூடியவராகவும், கேட்டதைக் கேட்டபடி தர ஒப்புக்கொண்டவராகவும் இருந்தால், ஆம். பல நாட்டுச் சட்டங்களில் 'பொறுப்புள்ள குறைந்த விலைதாரர்' என்ற சொல் இருப்பது இதற்காகத்தான். விலையோடு தரம், பராமரிப்புச் செலவு, ஆயுள் ஆகியவற்றுக்கும் மதிப்பெண் தரும் முறையும் உண்டு. ஐரோப்பிய ஆணை அதற்கு வழிவிடுகிறது. ஆனால் எதற்கு எத்தனை மதிப்பெண் என்பது டெண்டர் ஆவணத்திலேயே முன்கூட்டி இருக்க வேண்டும். உறையைத் திறந்த பிறகு அளவுகோலைத் தேடக்கூடாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒரு குழாய்ப் பள்ளம் தோண்டும் வேலை. மதிப்பீட்டில் மண் 1,000 கன மீட்டர், பாறை 50 கன மீட்டர். முதல் ஒப்பந்ததாரர் மண்ணுக்கு 100, பாறைக்கு 400 என்கிறார்: மொத்தம் 1,20,000. இரண்டாமவர் மண்ணுக்கு 80, பாறைக்கு 700 என்கிறார்: மொத்தம் 1,15,000. இரண்டாமவர்தான் குறைவு, வேலை அவருக்கு. தோண்டிப் பார்த்தால் மண் 700, பாறை 350. இப்போது முதலாமவரின் விலையில் கணக்கிட்டால் 2,10,000 ஆகியிருக்கும். இரண்டாமவருக்குக் கொடுக்க வேண்டியது 3,01,000. 'குறைந்த விலை' 91,000 கூடுதலாகிவிட்டது.

பாறை அதிகம் என்பது இரண்டாமவருக்கு முன்பே தெரியுமா? தெரிந்தும் இருக்கலாம், ஊகமாகவும் இருக்கலாம். எதுவானாலும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்த குழுவுக்கு அது தெரியாது. ஒவ்வொரு இனத்தின் விலையையும் மதிப்பீட்டு விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த 700 கண்ணில் படும். அதைவிட முக்கியம், டெண்டர் விடும் முன்பே நாலு இடத்தில் துளை போட்டு மண்ணைச் சோதித்திருக்க வேண்டும். மோசமான மதிப்பீட்டை எந்த டெண்டர் முறையும் காப்பாற்றாது.

மிகவும் குறைவான விலை வந்தால் லாபம்தானே?

விளக்கம் கேளுங்கள். ஐரோப்பிய ஆணையிலும், ஐ.நா.வின் சர்வதேச வணிகச் சட்ட ஆணையம் 2011இல் வெளியிட்ட மாதிரிக் கொள்முதல் சட்டத்திலும் வழக்கத்துக்கு மாறாகக் குறைந்த விலையைப் பற்றித் தனி விதி இருக்கிறது. முதலில் எழுத்தில் விளக்கம் கேட்க வேண்டும். விளக்கம் திருப்தி தராவிட்டால்தான் நிராகரிக்கலாம். பாதி விலைக்கு எடுத்து பாதியில் விட்டுப்போன வேலைக்கு இரண்டாம் முறை டெண்டர் விடும் செலவைப் பார்த்தவர்கள் இந்த விதியின் அருமையை அறிவார்கள்.

டெண்டர் திறந்த பிறகு விலை பேசலாமா?

ஐ.நா. மாதிரிச் சட்டம் திறந்த டெண்டரில் பேச்சுவார்த்தையே கூடாது என்கிறது. தமிழ்நாட்டுச் சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்து வைக்கிறது: விலை சந்தை நிலவரத்தைவிட அதிகமாக இருந்தால் குறைந்த விலைதாரரோடு மட்டும், விலையைக் குறைக்க மட்டும் பேசலாம். இரண்டாம், மூன்றாம் இடத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு "நீங்கள் எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று கேட்டால் அந்த நொடியே டெண்டர் ஏலமாகிவிடுகிறது. அடுத்த முறை யாரும் உண்மையான விலையை முதலில் எழுதமாட்டார்கள்.

ஒரே ஒரு டெண்டர்தான் வந்தது. ரத்து செய்ய வேண்டுமா?

கட்டாயமில்லை. விளம்பரம் சரியாக வந்ததா, நிபந்தனைகள் ஒருவருக்காகவே தைத்த சட்டைபோல் இருக்கின்றனவா, விலை நியாயமா என்று மூன்றையும் பார்த்து, பார்த்ததை எழுதிவைத்துவிட்டு ஏற்கலாம். ஆவணத்தை எட்டுப் பேர் வாங்கியும் ஒருவர் மட்டும் டெண்டர் போட்டிருந்தால், மற்ற ஏழு பேரிடம் ஏன் போடவில்லை என்று கேளுங்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் பல நேரம் உண்மை வெளிவந்துவிடும்.

சரி, டெண்டர் இல்லாமல் வாங்க எந்தெந்தக் காரணங்களைச் சட்டம் ஏற்கிறது?

இந்திய உச்ச நீதிமன்றம் 2006இல் மீரட் மாநகராட்சி தொடர்பான வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. பொது ஒப்பந்தங்கள் வெளிப்படையான ஏலம் அல்லது டெண்டர் வழியாகவே போக வேண்டும். அரிய, விதிவிலக்கான சூழல்களில் மட்டும் விலகலாம்: அரசு அறிவித்த இயற்கைப் பேரிடரும் அவசரநிலையும், ஒரே இடத்தில் மட்டும் கிடைக்கும் பொருள், ஒருவருக்கே தனியுரிமை இருந்து மாற்று இல்லாதது, பலமுறை ஏலம் விட்டும் ஆள் வராதது போன்றவை. உலகின் மற்ற சட்டங்களைப் புரட்டினாலும் பட்டியல் பெரிதாக மாறாது. கூடவே தொழில்முறைச் சேவைகள், வேறு அரசு அமைப்பின் ஒப்பந்தத்தில் சேர்வது, தன் சொந்த நிறுவனத்துக்குக் கொடுப்பது ஆகியவையும் சேரும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எது அவசரம்?

எதிர்பாராததாக இருக்க வேண்டும், தாமதித்தால் உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து இருக்க வேண்டும், டெண்டருக்கான நாள் வரை காத்திருக்க முடியாததாக இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் அவசரம். நள்ளிரவில் குடிநீர்க் குழாய் வெடித்தால் அது அவசரம். ஒவ்வோர் ஆண்டும் அதே பருவத்தில் பெய்யும் மழைக்கு முன் வடிகால் தூர்வாருவது அவசரத்தில் சேராது, அது நாட்காட்டி வேலை. நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழிக்க வேண்டும் என்பதை அவசரம் என்று எழுதிய கோப்புகளும் உண்டு. நம் தாமதத்தால் வந்த நெருக்கடியைச் சட்டம் அவசரமாக ஏற்பதில்லை. 'கொள்முதல் அமைப்பால் நேராத காரணங்கள்' என்று ஐரோப்பிய ஆணை இதற்குத் தனியாக வரம்பு கட்டியிருக்கிறது.

கலிபோர்னியாவின் முறை எனக்குப் பிடித்தது. அங்கே டெண்டர் இல்லாமல் அவசர வேலை எடுக்க மன்றத்தின் ஐந்தில் நான்கு பங்கு வாக்கு வேண்டும். அதிகாரம் பெற்ற அலுவலர் முதலில் வேலையைத் தொடங்கிவிட்டாலும், அடுத்தடுத்த வழக்கமான கூட்டம் ஒவ்வொன்றிலும் "இன்னும் அவசரம் இருக்கிறதா?" என்ற கேள்விக்கு மீண்டும் ஐந்தில் நான்கு பங்கு வாக்கு வாங்க வேண்டும். அவசரம் முடிந்த அன்றே விலக்கும் முடிகிறது. மிச்ச வேலைக்கு டெண்டர். குழாய் வெடித்த இரவில் அடைப்பு போடுவது அவசர வேலை. அந்தத் தெரு முழுவதற்கும் புதுக் குழாய் பதிப்பதை அதே ஆணையில் சேர்க்க முடியாது.

அவசரம் உண்மையாக இருந்தாலும் ஆளைத் தேர்ந்தெடுப்பதில் பாரபட்சம் கூடாது. கொரோனா தொடக்கத்தில் பிரிட்டன் அரசு பாதுகாப்புக் கவசங்கள் வாங்கியபோது அமைச்சர்கள், எம்.பி.க்கள் போன்றோர் பரிந்துரைத்த நிறுவனங்களுக்கு ஒரு தனி முன்னுரிமைப் பாதை வைத்திருந்தது. 2022 ஜனவரியில் அங்குள்ள உயர் நீதிமன்றம் அந்தப் பாதை சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. நாலு பேருக்கு தொலைபேசியில் விலை கேட்க அரை மணி நேரம் போதும். அதை எந்த அவசரமும் தடுப்பதில்லை.

"இவரிடம்தான் கிடைக்கும்" என்று சொன்னால் நம்பலாமா?

விற்பவரே தரும் சான்றிதழை மட்டும் வைத்து நம்பக்கூடாது. கர்நாடகச் சட்டத்தில் நல்ல ஏற்பாடு இருக்கிறது: ஒரே இடத்தில்தான் கிடைக்கும் என்று அறிவிக்க மூன்று நிபுணர்கள் கொண்ட குழு வேண்டும். ஒருவர் வாங்கும் அமைப்பைச் சேர்ந்தவர், ஒருவர் அதுபோன்ற பொருள் வாங்கும் வேறோர் அரசு அமைப்பைச் சேர்ந்தவர், ஒருவர் கல்வி அல்லது ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்.

ஒரு பிராண்டின் பெயரைப் போட்டு டெண்டர் விடுவதும் இதே குடும்பம்தான். தவிர்க்க முடியாமல் பெயரைப் போட்டால் 'அல்லது அதற்கு இணையானது' என்று சேர்க்க வேண்டும். பெயரையே போடாமல், விவரக்குறிப்பில் 437 மில்லிமீட்டர் அகலம் என்று ஒரு நிறுவனத்தின் கையேட்டிலிருந்து அப்படியே எடுத்து எழுதுகிறவர்களும் உண்டு. எதற்காக 437 என்று கேட்டுப் பாருங்கள்.

உண்மையான ஒற்றை விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே வாங்கிய இயந்திரத்தின் உதிரிப் பாகம், வரிவசூல் மென்பொருளின் ஆண்டுப் பராமரிப்பு. ஆனால் அந்தப் பிடி முதல் நாள் வாங்கும்போதே விழுந்துவிடுகிறது. மென்பொருள் வாங்கும் டெண்டரிலேயே ஐந்தாண்டுப் பராமரிப்பு விலையையும், தரவைத் திறந்த வடிவில் திருப்பித் தருவதையும் கேட்டிருந்தால் பிறகு கையைப் பிசைய வேண்டியதில்லை.

வழக்கறிஞர், கட்டடக் கலைஞர் போன்றோருக்கும் டெண்டரா?

பல இடங்களில் இல்லை. அமெரிக்க மத்திய அரசில் 1972ஆம் ஆண்டின் புரூக்ஸ் சட்டப்படி கட்டடக் கலைஞரையும் பொறியாளரையும் முதலில் தகுதியை வைத்து வரிசைப்படுத்தி, முதலிடத்தில் இருப்பவரோடு கட்டணம் பேசுகிறார்கள். பேச்சு முறிந்தால் அடுத்தவர். பல மாநிலங்கள் இதைப் பின்பற்றுகின்றன. எனக்கு இது நியாயமாகவே படுகிறது: பாலத்தின் வடிவமைப்பில் மிச்சம் பிடிக்கும் சிறு தொகை பாலம் கட்டும்போது பல மடங்காகத் திரும்பி வந்து கேட்கும். ஆனால் டெண்டர் இல்லை என்றால் முறையே இல்லை என்று ஆகிவிடாது. நியூயார்க் சட்டத்தின் 104-பி பிரிவு, டெண்டருக்கு உட்படாத கொள்முதலுக்கும் உள்ளாட்சி எழுத்துப்பூர்வமான கொள்கை வைத்திருக்க வேண்டும் என்கிறது.

வேறோர் அமைப்பு விட்ட டெண்டர் விலையில் நாமும் வாங்கலாமா?

அந்த ஒப்பந்தமும் நமக்கான சட்டமும் இடம் கொடுத்தால் வாங்கலாம். போட்டி ஏற்கெனவே ஒருமுறை நடந்துவிட்டதே என்பதுதான் நியாயம். சிறு உள்ளாட்சிகளுக்கு இது பெரிய உதவி. ஆனால் அவர்கள் எந்த ஆண்டு, எவ்வளவு எண்ணிக்கைக்கு விலை வாங்கினார்கள் என்று பாருங்கள். மூன்றாண்டு பழைய கணினி விலை இன்று மலிவாக இருக்காது. இந்தியாவில் அரசுக் கொள்முதலுக்காக 2016இல் தொடங்கிய ஜெம் இணையச் சந்தையிலும் இதே எச்சரிக்கை வேண்டும்: தளத்தில் இருப்பதாலேயே விலை நியாயமானதாகிவிடாது, ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

உள்ளாட்சி தன் சொந்த நிறுவனத்துக்கு வேலையைக் கொடுத்தால்?

இத்தாலியில் வியானோ என்ற சிறு ஊரின் உள்ளாட்சி, தன் கட்டடங்களின் வெப்பமூட்டும் சேவையை உள்ளாட்சிகள் சேர்ந்து நடத்திய அமைப்புக்கு டெண்டர் இல்லாமல் கொடுத்தது. 1999இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த வழக்கில், டெண்டர் இல்லாமல் கொடுப்பதற்கு ஓர் அளவுகோல் வைத்தது: தன் சொந்தத் துறையைப்போல் அந்த அமைப்பு கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், அதன் வேலையின் முக்கியப் பகுதி அந்த உள்ளாட்சிகளுக்காகவே இருக்க வேண்டும். 2014 ஆணை அந்த 'முக்கியப் பகுதி'யை 80 சதவீதத்துக்கு மேல் என்று எண்ணாக்கியது.

டெண்டர் விட்டோம், யாருமே வரவில்லை. இனி நேரடியாகக் கொடுக்கலாமா?

முதலில் ஏன் வரவில்லை என்று பாருங்கள். மதிப்பீட்டு விலை பழையதா? பணம் தாமதமாகக் கொடுப்பதாகப் பெயர் எடுத்துவிட்டோமா? நேரடியாகக் கொடுப்பதானால் நிபந்தனைகள் டெண்டரில் இருந்தவையாகவே இருக்க வேண்டும். ஐரோப்பிய ஆணை அவற்றைக் கணிசமாக மாற்றக்கூடாது என்கிறது. டெண்டரில் 60 நாளில் முடிக்கச் சொல்லி ஆளை விரட்டிவிட்டு, வேண்டியவருக்கு 180 நாள் கொடுத்தால் அது விலக்கில் அடங்காது. புது ஒப்பந்தம் அது, டெண்டரும் புதிதாகத்தான் விட வேண்டும்.

வேலை நடக்கும்போது கூடுதல் வேலை வந்தால்?

சிறிதாக, எதிர்பாராததாக, அதே வேலையோடு ஒட்டியதாக இருந்தால் அதே ஒப்பந்ததாரரிடம் கொடுக்கலாம். ஐரோப்பிய ஆணையில் சிறு மாற்றத்துக்குப் பொதுவான எல்லை பொருளுக்கும் சேவைக்கும் 10 சதவீதம், கட்டுமானத்துக்கு 15 சதவீதம். எதிர்பாராத சூழலில் 50 சதவீதம் வரை. சாலை போட எடுத்த ஒப்பந்தத்தில் பூங்கா கட்டுவது எந்தச் சதவீதத்திலும் அடங்காது.

விலக்கில் வாங்கினால் கோப்பில் என்ன இருக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். விலக்கு போட்டியிலிருந்துதான் கிடைக்கிறது. காரணம் எழுதும் கடமையிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை. ஐ.நா. மாதிரிச் சட்டமும் திறந்த டெண்டரைத் தவிர்க்கும் ஒவ்வொரு முறையும் காரணத்தையும் சூழலையும் பதிவில் எழுதச் சொல்கிறது.

ஒரு பக்கத் தாள் போதும். என்ன தேவை, அது எப்போது தெரியவந்தது, எந்தச் சட்டப் பிரிவின்கீழ் விலக்கு, வேறு யாரிடம் விசாரித்தோம், விலை நியாயம் என்று எதை வைத்துச் சொல்கிறோம், யார் முடிவெடுத்தார். கீழே கையெழுத்து, தேதி. அந்தத் தேதி கொள்முதல் ஆணையின் தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். 'அவசரம் கருதி' என்ற இரண்டு சொல்லைக் காரணமாக ஏற்காதீர்கள். "12ஆம் தேதி இரவு 11 மணிக்குப் பிரதான குழாய் உடைந்தது, கிழக்குப் பகுதி முழுவதற்கும் தண்ணீர் இல்லை" என்பது காரணம்.

மன்றத்தில் பின்னேற்பு, அதாவது வாங்கி முடித்தபின் ஒப்புதல், வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உண்மையான அவசரத்தில் அலுவலர் எடுத்த நடவடிக்கையை மன்றம் பின்னேற்கலாம். சட்டம் அனுமதிக்காத கொள்முதலை எத்தனை கைகள் தூக்கினாலும் சட்டப்படியானதாக்க முடியாது. உறுப்பினர்களே, ஐம்பது பொருட்கள் கொண்ட கூட்டப் பட்டியலில் 47ஆவதாகப் 'பின்னேற்பு' என்று வரும்போது கையைத் தூக்கும் முன் அந்த ஒரு பக்கத் தாளைக் கேளுங்கள்.

ஒப்பந்ததாரர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டால் எப்படித் தெரியும்?

கனடாவின் கியூபெக் மாகாணம் 2011இல் அமைத்த விசாரணை ஆணையத்தின் முன், மான்ட்ரியல் நகரின் நடைபாதை, கழிவுநீர்க் குழாய் வேலைகளை ஒப்பந்ததாரர்கள் முறைவைத்துப் பங்குபோட்டுக்கொண்டதைச் சாட்சிகள் விவரித்தார்கள். எல்லா டெண்டரும் காகிதத்தில் முறைப்படிதான் நடந்திருந்தன. ஆகவே ஒரு டெண்டரை மட்டும் பார்த்தால் தெரியாது; ஐந்தாண்டு டெண்டர்களை ஒரே அட்டவணையில் போடுங்கள். வெற்றி வட்டமாகச் சுற்றி வருகிறதா? தோற்றவர் அதே வேலையில் துணை ஒப்பந்தம் பெறுகிறாரா? எல்லா விலையும் மதிப்பீட்டைவிட ஒரே சதவீதம் கூடுதலா? புது ஆள் ஒருவர் வந்த அன்று மட்டும் விலை சரிகிறதா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் போட்டிச் சட்ட அமைப்பிடம் போக வேண்டிய நேரம் அது.

டெண்டரில் தோற்றவருக்கு என்ன வழி?

காரணத்தை எழுத்தில் கேளுங்கள், முறையீட்டுக்கான நாளை உடனே எண்ணத் தொடங்குங்கள். அந்த நாள் மிகக் குறைவாகவே இருக்கும். ஐரோப்பாவில், மின்னணு முறையில் முடிவை அறிவித்தபின் குறைந்தது 10 நாள் ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் நிற்கும். நீதிமன்றம் போனால், "எனக்குக் கொடுத்திருக்க வேண்டும்" என்பதைவிட "முறை தவறு" என்பதே நிற்கும். டாடா செல்லுலார் வழக்கில் 1994இல் இந்திய உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, நீதிமன்றம் முடிவெடுத்த முறையைத்தான் ஆராயும், முடிவைத் தன் முடிவால் மாற்றாது.

சாதாரண வரி செலுத்துபவர் என்ன கேட்கலாம்?

தகவல் உரிமைச் சட்டம் உள்ள இடங்களில், இந்தியாவில் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், ஒப்பீட்டு அட்டவணை, கொள்முதல் ஆணை, விலக்குக்கான காரணக் குறிப்பு ஆகியவற்றின் நகலைக் கேட்கலாம். 'எல்லா ஆவணமும்' என்று கேட்டால் பதில் இழுபடும். ஒரு வேலையின் பெயரையும் ஆண்டையும் குறிப்பிட்டு இந்த மூன்று தாளை மட்டும் கேளுங்கள். காரணக் குறிப்பில் உள்ள தேதியையும் கொள்முதல் ஆணையில் உள்ள தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆணை முந்தியும் குறிப்பு பிந்தியும் இருந்தால், அந்த இரண்டு தாளோடு தணிக்கை அலுவலகத்துக்குப் புகார் எழுதலாம்.